வலி அறியாத உடல்

மே திங்கள் முதல் நாள் தொழிலாளரான புனித யோசேப்பின் திருநாள். சில ஆண்டுகளுக்கு முன்பு, அந்நாளின் திருப்பலி முடிவில், நம் பங்கைச் சேர்ந்த தொழிலாளர் ஒருவரைப் பீடத்தின் முன் அழைத்துப் பொன்னாடை போர்த்தினோம். இராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் ஆலையொன்றில் 19 ஆண்டுகள் உழைத்தவர் அவர். கலவையை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து விடியுமுன் மிதிவண்டியில் புறப்பட்டு, சாலைக்கு வந்து பேருந்து பிடித்து, ஒரு நாளும் தவறாமல் வேலைக்குச் சென்றவர். காய்ச்சல் என்றோ தலைவலி என்றோ ஒருநாள்கூட விடுப்பு எடுத்தறியாத மனிதர் என்றும், நம் இளைஞர்கள் இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் மறையுரையில் சொன்னோம். கோவில் அதிரக் கைதட்டினார்கள். அவர் தலைகுனிந்து நின்றார். அதை அடக்கம் என்று எண்ணிக்கொண்டோம்.

அதே ஆண்டு, அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழா முடிந்த வாரத்தில், அவரை மருத்துவமனைக் கட்டிலில் சந்தித்தோம். வலக்கால் கணுக்காலுக்கு மேலே அகற்றப்பட்டிருந்தது. பல ஆண்டுகளாக அவருக்குச் சர்க்கரை நோய். அதனால் பாதத்தின் உணர்வு மங்கியிருந்தது. ஈரத் தரையில், இரப்பர் பூட்ஸுக்குள், நாள் முழுவதும் நின்ற அந்தப் பாதத்தில் எதுவோ குத்திப் புண்ணாகியிருந்தது. வலி இல்லை. வலி இல்லாததால் துணியைச் சுற்றிக்கொண்டு மூன்று வாரம் வேலைக்குப் போயிருக்கிறார். புண் ஆழமாகிவிட்டது என்று தெரிந்த பிறகாவது இரண்டு நாள் இருந்து பார்த்திருக்கலாமே என்று கேட்டோம். அவர் குறைசொல்லும் குரலில் அன்று, ஒரு செய்தியைச் சொல்வதுபோல் சொன்னார்: "சாமி, கோயில்ல நீங்க அப்படிச் சொன்ன பிறகு லீவு கேக்க எனக்கே கூச்சமா போச்சு."

நோயில்பூசுதல் கொடுக்கச் சென்ற நாம், அவருக்கு முன்னே குற்றவாளியாக அமர்ந்திருந்தோம். ஒருவருடைய காலை இழக்கச் செய்தவற்றுள் நம் கைதட்டலுக்கும் பங்கு உண்டு என்பதை அன்று உணர்ந்தோம். நோயோடு வேலைக்குச் செல்வது எப்படி ஒரு புண்ணியமாக நம் நடுவே இடம்பெற்றது? நோயுற்ற உழைப்பாளியை உலகம் எப்படி நடத்திவந்திருக்கிறது? இக்கேள்விகளோடு தேடியதில் கண்டவற்றை வாசகரோடு பகிர்ந்துகொள்கிறோம்.

இரண்டு தலைவர்கள்

நோயுற்ற பணியாளைப் பற்றிய மிகப் பழைய பதிவுகளில் ஒன்று விவிலியத்திலேயே இருக்கிறது. சாமுவேல் முதல் நூலின் 30-ஆம் அதிகாரத்தில், வயல்வெளியில் கிடந்த எகிப்திய இளைஞன் ஒருவனைத் தாவீதின் ஆட்கள் கண்டெடுக்கிறார்கள். மூன்று நாளாக உணவும் நீரும் இன்றிக் கிடந்தவன் அவன். அமலேக்கியன் ஒருவனின் அடிமை. நோயுற்றான் என்பதற்காகவே அவன் தலைவன் அவனை அங்கே விட்டுவிட்டுப் போயிருந்தான். படை விரைந்து செல்லவேண்டும், நடக்க முடியாதவன் சுமை. அந்தத் தலைவனின் கணக்கு அவ்வளவுதான். தாவீதின் ஆட்கள் அப்பமும் நீரும் அத்திப்பழ அடையும் கொடுத்து அவன் உயிரை மீட்டார்கள். பிறகே யார், எவர் என்ற விசாரணை.

நற்செய்தியில் வேறொரு தலைவரைக் காண்கிறோம். கப்பர்நாகூமின் நூற்றுவர் தலைவர் அவர். பிற இனத்தார், படைவீரர், கட்டளையிட்டே பழகியவர். தம் வேலையாள் நோயுற்றுக் கிடக்கிறான் என்பதற்காக இயேசுவிடம் வந்து வேண்டுகிறார். நற்கருணை உட்கொள்ளுமுன் நாம் தவறாமல் சொல்லும் மன்றாட்டு, நோயுற்ற வேலையாளுக்காக வந்த அந்தத் தலைவரின் வாயில் பிறந்தது. எத்தனை ஆயிரம் முறை அதைச் சொல்லியிருப்போம்! அது ஒரு தொழிலாளியின் நோய்க்காகச் சொல்லப்பட்ட சொல் என்பதை எத்தனை முறை நினைத்திருப்போம்?

உழைப்பின் வரலாற்றில் இந்த இரு தலைவர்களும் மாறி மாறி வருகிறார்கள். நம் பாலாற்றங்கரையிலும் அப்படியே.

பாலாற்றங்கரையில்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று நீளும் இந்தத் தோல் நாட்டை உருவாக்கியவை பாலாற்று நீரும், வறண்ட நிலத்தில் தானே முளைக்கும் ஆவாரஞ்செடியும், மலைக்காட்டுக் கடுக்காயும் ஆகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோல்கள் சென்னைத் துறைமுகம் வழியாக இலண்டன் சந்தைக்குப் போயின. முதலீடு பெரும்பாலும் இசுலாமிய வணிகர்களுடையது. உழைப்பில் பெரும்பகுதி சேரி மக்களுடையது. ஊரில் அடிமைபோல் உழைத்துக் கூழ் பெற்றவர்களுக்கு டேனரியின் ரொக்கக் கூலி ஒரு விடுதலையாகவே தோன்றியிருக்கும். அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்த விடுதலைக்குள்ளே ஒரு கட்டு இருந்தது. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலின் மயிரை நீக்குதல், ஒட்டியிருக்கும் சதையைச் சீவுதல், பட்டைத் தண்ணீரில் புரட்டிப்போடுதல் என்று எல்லாமே ஈரத்தில் செய்யும் வேலை. கூலி நாட்கணக்கில் அல்லது தோல் எண்ணிக்கையில். வேலை இல்லையேல் கூலி இல்லை. முன்பணம் வாங்கியவர் என்றால், படுத்த நாள் கடனோடு சேர்ந்துகொள்ளும். தோல் கெட்டால் முதலாளிக்கு நட்டம். தொழிலாளி கெட்டால் அது அவனுடைய சொந்தக் கணக்கு.

நோய்க்கும் வேலைக்கும் தொடர்பு உண்டு என்று நம் நாட்டுச் சட்டம் முதன்முதலில் ஒப்புக்கொண்ட இடங்களில் ஒன்று தோல் தொழில்தான் என்பது பலருக்குத் தெரியாது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், தொழிலால் வரும் நோய்கள் என்று மிகச் சிலவற்றையே முதலில் ஏற்றது. அவற்றுள் ஒன்று ஆந்த்ராக்ஸ் எனப்படும் அடைப்பான் நோய். நோயுற்ற கால்நடையின் தோலிலும் உரோமத்திலும் ஒட்டிக்கிடக்கும் நோய்க்கிருமி, அவற்றைக் கையாளுவோரைத் தொற்றும். தோலையும் கம்பளியையும் கையாளும் ஒருவருக்கு அந்நோய் வந்தால், அது விதியன்று, வேலையின் விளைவு என்று சட்டம் சொன்னது. ஆயினும் அச்சட்டம் பேசியது இழப்பீடு. உடல் ஊனமுற்ற பிறகு, அல்லது உயிர் போன பிறகு கணக்குத் தீர்ப்பது. நோய் வந்த அன்று படுத்துக்கொள்ளும் உரிமை அதில் இல்லை.

அவ்வுரிமை வேறு திசையிலிருந்து வந்தது. 1883-ஆம் ஆண்டில் பிஸ்மார்க்கின் செர்மனி நோய்க்காப்பீட்டுச் சட்டம் ஒன்றை இயற்றியது. தொழிலாளியும் முதலாளியும் ஒரு நிதியில் பணம் செலுத்தவேண்டும், நோயுற்றவருக்கு மருத்துவமும் கூலியில் பாதியும் 13 வாரம் வரை கிடைக்கும். எட்டு ஆண்டுகள் கழித்து, 1891 மே 15 அன்று, திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். விபத்து, நோய், முதுமை, எதிர்பாராத் துன்பம் ஆகியவற்றில் தொழிலாளியைத் தாங்க ஒரு நிதி வேண்டும் என்று திருச்சபை அதில் கேட்டது. 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட நம் திருத்தந்தை, தாம் சிங்கராயர் என்னும் பெயரை ஏற்றதற்கு அந்தச் சுற்றுமடலையும் ஒரு காரணமாகக் குறிப்பிட்டதை வாசகர் அறிவர்.

இந்தியாவுக்கு அது வந்துசேர நெடுங்காலம் ஆயிற்று. 1929-இல் அமைக்கப்பட்ட அரச தொழிலாளர் ஆணையம் 1931-இல் தந்த அறிக்கையில் நோய்க்காப்பீட்டின் தேவையை எடுத்துரைத்தது. அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் பேச்சோடு கழிந்தன. வைசிராய் அவையில் தொழிலாளர் துறை அண்ணல் அம்பேத்கரிடம் இருந்த 1943-இல், பேராசிரியர் பி. பி. அதர்க்கரிடம் இப்பணி ஒப்படைக்கப்பட்டது. அவரது அறிக்கை 1944-இல் வெளிவந்தது. அதன் வழியில், விடுதலை பெற்ற நாட்டின் நாடாளுமன்றம் 1948-இல் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டத்தை இயற்றியது. மக்கள் நாவில் அதன் பெயர் ஈ.எஸ்.ஐ. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் பண்டித நேரு அதைத் தொடங்கிவைத்தார். நம் மாநிலத்தில் 1955-இல் கோயம்புத்தூரில் அது கால்கொண்டது.

இதன் பெருமையைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளி நோயுற்றால் ஆண்டுக்கு 91 நாள் வரை சராசரிக் கூலியில் நூற்றுக்கு 70 பங்கு பெற வழி பிறந்தது. செர்மனியின் 13 வாரமும் இந்த 91 நாளும் ஒரே கணக்கு என்பதைக் கவனியுங்கள். காசநோய், தொழுநோய் முதலிய 34 நீண்டகால நோய்களுக்கு நூற்றுக்கு 80 பங்கு வீதம் இரண்டு ஆண்டுவரை உதவி நீட்டப்பட்டது. எல்லாவற்றையும்விட மேலாக, நோய்க்கால உதவி பெறும் நாட்களில் ஒரு தொழிலாளியை நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டம் தடைவிதித்தது. வயல்வெளியில் விட்டுப்போன அமலேக்கியனைச் சட்டம் குற்றவாளி ஆக்கியது என்றே சொல்லலாம்.

இரண்டு நாட்கள்

அப்படியிருக்க, காய்ச்சலோடு வேன் ஏறுகிறவர்களை நாம் ஏன் இன்றும் காண்கிறோம்?

நம் கிளைப்பங்கு ஒன்றில் காலைத் திருப்பலிக்குச் செல்லும்போதெல்லாம் சாலையோரத்தில் ஷூ கம்பெனி வேனுக்காகப் பெண்கள் காத்து நிற்பதைப் பார்ப்போம். ஒருநாள் அவர்களுள் ஒரு சகோதரி முந்தானையால் தலையைப் போர்த்திக்கொண்டு நடுங்கி நின்றார். "ஏம்மா, உடம்பு இப்படிக் கொதிக்கிறபோது போகத்தான் வேண்டுமா? ஈ.எஸ்.ஐ. இருக்கிறதல்லவா?" என்று கேட்டோம். அவர் சிரித்தார். "ரெண்டு நாள் காய்ச்சலுக்கு ஈ.எஸ்.ஐ.ல யாரு சாமி காசு குடுப்பாங்க?" என்றார். வேன் வந்தது. ஏறிப்போனார்.

அவர் சொன்னதில் இருந்த உண்மை நமக்குப் பின்னரே விளங்கியது. நோய்க்கால உதவிக்குக் காத்திருப்பு நாட்கள் என்று ஒரு விதி உண்டு. நோயின் முதல் இரண்டு நாளுக்குப் பணம் இல்லை, முந்தைய நோய் முடிந்து 15 நாளுக்குள் மீண்டும் படுத்தால் மட்டுமே விலக்கு. பொய்யாகப் படுப்பவரைத் தடுக்கவும் நிதியைக் காக்கவும் எழுந்த விதி அது. செர்மனியின் பழைய சட்டத்திலும் இத்தகைய விதி இருந்தது. ஆனால் ஏழையின் நோய்களில் பெரும்பாலானவை எவை? இரண்டு மூன்று நாள் நீடிக்கும் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் முதுகுவலியும் மாதவிலக்கு வேதனையுமே. நாட்கூலி 400 ரூபாய் என்று கொள்வோம். மூன்று நாள் படுத்தால் இழப்பது 1,200. ஈ.எஸ்.ஐ. தருவது மூன்றாம் நாளுக்கு மட்டும் 280. அதற்கும் மருந்தகத்திற்குப் பேருந்துச் செலவு செய்து போய், வரிசையில் நின்று, சான்றிதழ் பெறவேண்டும். இவற்றுக்கு மேல் பல கம்பெனிகளில் அட்டெண்டன்ஸ் போனஸ் என்று ஒன்று உண்டு. மாதம் முழுவதும் வந்தவருக்கே அந்த ஊக்கத்தொகை. ஒரு நாள் தவறினாலும் குறையும், அல்லது முழுவதும் போகும். அதைப் போனஸ் என்கிறோம். நோயுற்றவரின் பக்கம் நின்று பார்த்தால் அது அபராதம்.

நம் சட்டங்களிலேயே இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. 1947-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட கடைகள் நிறுவனங்கள் சட்டம், துணிக்கடையில் வேலைசெய்பவருக்கும் ஆண்டுக்கு 12 நாள் கூலியோடு நோய்விடுப்பு உண்டு என்றது. மறு ஆண்டு வந்த தொழிற்சாலைச் சட்டமோ, 240 நாள் உழைத்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் என்று ஆண்டு விடுப்பை மட்டுமே தந்தது. நோய்விடுப்பை ஈ.எஸ்.ஐ. பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டது போலும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் 240 நாளை 180 ஆகக் குறைத்தன. நல்லதுதான். ஆயினும் இரண்டு நாள் காய்ச்சலுக்கென்று தனி இடம் அங்கும் இல்லை. நூலை விற்பவர் படுக்கலாம், நூலால் தைப்பவர் படுக்கலாகாது என்பது விந்தையான நீதி அல்லவா?

வேலியின் உள்ளே இருப்பவர் நிலை இது. வேலிக்கு வெளியே இருப்போர் பலர். ஒப்பந்தக்காரர் வழியே வரும் ஆண்களின் பெயர் பதிவேட்டில் ஏறுவதும் உண்டு, ஏறாததும் உண்டு. ஆம்பூரைச் சுற்றிய தெருக்களில் ஷூவின் மேல்தோலைக் கையூசியால் தைத்துத் தரும் பெண்கள் இருக்கிறார்கள். வீட்டுத் திண்ணையே அவர்கள் கம்பெனி. கூலி சோடிக் கணக்கில். அவர்களுக்கு மேற்பார்வையாளர் இல்லை, வருகைப் பதிவேடு இல்லை. ஆகவே விடுப்பும் இல்லை. காய்ச்சலில் நடுங்கும் விரல் ஊசியைப் பிடித்தால்தான் அன்றைய கணக்கு நிறையும். பாலாற்றங்கரைப் பெண் தைத்த செருப்பை ஐரோப்பாவில் அணிந்து நடப்பவர், உடல் நலமில்லையென்றால் தம் அலுவலகத்திற்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு உறங்குகிறார். அவர் உறங்குவதில் தவறில்லை. இவரும் உறங்கவேண்டும் என்பதே நம் கேள்வி.

கரிகிரி கற்பித்த பாடம்

நம் பங்கின் அந்தத் தொழிலாளரைப் பார்த்துத் திரும்பும்போது, மருத்துவர் ஒருவர் நம்மிடம் சொன்னார்: "சாமி, அவருக்கு வலி இருந்திருந்தால் கால் இருந்திருக்கும்." அச்சொல் நம்மை வேலூரின் இன்னொரு வரலாற்றுக்கு இட்டுச்சென்றது.

1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் தொடங்கிய சிறு மருத்துவ நிலையம், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்ததை நாம் அறிவோம். மறைப்பணியாளர் குடும்பத்தில் 1914-இல் பிறந்த பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர் 1946-இல் அங்கே பணிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் நோயினாலேயே அழுகி விழுகின்றன என்று அக்காலத்தில் மருத்துவர்களும் நம்பினார்கள். பிராண்டு அதை ஏற்கவில்லை. ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. அருகிலிருந்த சிறுவன், ஒரு தொழுநோயாளி, சாவியை வாங்கித் திருகித் திறந்துவிட்டான். பார்த்தால் அவன் விரலில் எலும்பு தெரியும் அளவுக்கு வெட்டு. அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிராண்டுக்கு உண்மை புலப்பட்டது. சதையில் குறையில்லை, இல்லாமற்போனது வலி. வலி இல்லாததால் புண்பட்ட பாதத்தின்மேலேயே மீண்டும் மீண்டும் நடக்கிறார்கள். நடந்து நடந்தே பாதத்தை இழக்கிறார்கள்.

அவரும் அவர்தம் தோழர்களும் வேலூரிலும், 1955-இல் கரிகிரியில் எழுந்த ஷீஃபெலின் தொழுநோய் ஆய்வு மருத்துவமனையிலும் கண்ட வைத்தியம் வியப்பூட்டுவது. ஆறாப் புண்ணை ஆற்றியதில் மருந்தைவிட ஓய்வின் பங்கே பெரிது. மாவுக்கட்டுப் போட்டு அழுத்தம் நீக்கிப் பாதத்திற்கு ஓய்வு கொடுத்தபோது, ஆண்டுக்கணக்கில் ஆறாத புண்கள் ஆறின. பிறகு, உணர்வற்ற பாதத்திற்கென்று மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் இரப்பர் செருப்புகளைச் செய்தார்கள். நாள்தோறும் கையையும் காலையும் கண்ணால் சோதித்துப் பார்க்கப் பழக்கினார்கள். உணராத இடத்தைக் கண் காக்கட்டும் என்பது அதன் பொருள். வலி கடவுளின் கொடை என்று பிராண்டு வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தார். ஆசையோடு யாரும் ஏற்காத கொடை, ஆனால் உயிர்காக்கும் கொடை.

தோலின் நாடாகிய இவ்விடத்திலேயே தோலுக்கு அடியில் இருக்கும் வலியின் மதிப்பு கண்டறியப்பட்டது என்பதை எண்ணிப் பார்க்கிறோம்.

ஒரு தொழிற்கூடமும் ஓர் உடலே. திருத்தூதர் பவுல் ஓர் உறுப்பு துன்புற்றால் எல்லா உறுப்பும் சேர்ந்து துன்புறும் உடலைப் பற்றிப் பேசினார். அந்த உடலில் வலியைச் சுமந்து செல்லும் நரம்பு எது? நோயுற்றவர் சொல்லும் "இன்று என்னால் முடியவில்லை" என்னும் சொல்லே அது. குரோமியப் புண் பலருக்கு வந்தால், அந்தப் பிரிவில் கையுறை கிழிந்திருக்கிறது என்று அச்சொல் தெரிவிக்கும். பஃபிங் தூசியால் மூச்சுத் திணறிப் பலர் படுத்தால், காற்றோட்டம் போதவில்லை என்று தெரிவிக்கும். ஒரே கிணற்று நீர் குடித்த பத்துப் பேர் வயிற்றுப்போக்கால் வராவிட்டால், நீரைச் சோதிக்கச் சொல்லும். ஆண்டு முழுவதும் எவரும் நோய்விடுப்பு எடுக்காத ஆலை நலமான ஆலை என்று எண்ணுகிறோம். அது உணர்விழந்த ஆலையாக இருக்கலாம். அதன் நரம்பை அறுத்தவை போனஸும், அச்சமும், நம்முடைய பாராட்டும். அத்தகைய உடல் புண்பட்ட காலின்மேலேயே நடந்துகொண்டிருக்கும்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். நம் பங்கில் சிறு டேனரி நடத்துவோரும், ஷூ கம்பெனியில் மேற்பார்வையாளராக இருப்போரும் உண்டு. அவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். கப்பல் தேதி காத்திருக்காது. லைனில் ஒருவர் இல்லையென்றால் அவருக்குப் பின்னே உள்ளவர்கள் கைகட்டி நிற்கவேண்டும். பண்டிகைக்கு மறுநாள் பாதிப்பேருக்குக் 'காய்ச்சல்' வருவதும் உண்டு. இவை பொய்யல்ல. ஆனால் பொய்க் காய்ச்சலைத் தடுக்க மெய்க் காய்ச்சலைத் தண்டிப்பது, களையைப் பறிக்கப் பயிரை மிதிப்பது போன்றது. அதுமட்டுமா? நோயோடு வருபவர் வேலையைக் காப்பதும் இல்லை. காய்ச்சலில் தைத்த தையல் கோணலாகி ஏற்றுமதியில் தள்ளுபடியாகும். தூக்கக் கலக்கத்தோடு இயந்திரத்தின் முன் நிற்கும் கை ஆபத்தில் இருக்கிறது. இருமுபவர் ஒருவர் என்றால், அடுத்த வாரம் லைனில் ஐந்து பேர் இருமுவார்கள்.

இந்தக் கடைசி உண்மையைக் கொரோனா நமக்கு வாயிலில் நின்று கற்பித்தது. 2020-ஆம் ஆண்டுக்கு முன் காய்ச்சலோடு வந்தவர் கடமை தவறாதவர். அதன்பின் அவரே ஆபத்தானவர். கம்பெனி வாசலில் நெற்றிக்கு நேரே வெப்பமானியைப் பிடித்தார்கள். சூடு இருந்தால் வீட்டுக்குப் போ என்றார்கள். ஆனால் போகும் நாளுக்குக் கூலி உண்டு என்று சொன்னவர்கள் எத்தனை பேர்? கருவி காட்டிக்கொடுக்காதிருக்க வேனிலேயே மாத்திரை விழுங்கினோம் என்று நம் மக்களே நம்மிடம் சொல்லியிருக்கிறார்கள். கூலியில்லாத ஓய்வு, ஏழைக்கு ஓய்வு ஆகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் பங்கு

சட்டத்தை மாற்றுவது நம் கையில் மட்டும் இல்லை. காத்திருப்பு நாட்களை நீக்கவேண்டும் என்றும், ஆலைத் தொழிலாளிக்கும் வீட்டில் தைப்பவருக்கும் ஆண்டில் சில நாளாவது கூலியோடு நோய்விடுப்பு வேண்டும் என்றும் கேட்பது தொழிற்சங்கங்களின் பணி. அதில் நம் பொதுநிலையினர் துணைநிற்பது நற்செய்திப் பணியே. ஊக்கத்தொகைக் கணக்கில் மருத்துவச் சான்றுள்ள நாளை வராத நாளாகக் கொள்ளாதிருப்பது, சட்டம் ஏதும் இல்லாமலே ஒரு முதலாளி நாளைக் காலையே செய்யக்கூடியது. நூற்றுவர் தலைவரின் மன்றாட்டை ஞாயிறுதோறும் சொல்லும் கிறித்தவ முதலாளிக்கு அது புரியாமல் போகாது.

ஆனால் சட்டமும் பணமும் தொடாத ஒன்று நம் நாவில் இருக்கிறது. நோயைப் பொருட்படுத்தாதவரை வீரர் என்றும், படுத்தவரைச் சோம்பேறி என்றும் சொல்லும் நம் பழக்கமே அது. வீட்டில் தாய் காய்ச்சலோடு சமைத்தால் "பாவம், எவ்வளவு பொறுமை" என்று மெச்சிவிட்டுச் சோற்றுக்கு உட்காருகிறோம். பங்குத்தந்தை குளிர்காய்ச்சலோடு மூன்று திருப்பலி நிறைவேற்றினால் அதையும் மெச்சுகிறார்கள். நாமும் உள்ளூர மகிழ்கிறோம். அந்த மகிழ்ச்சியே பிறகு மறையுரையாகிறது. மறையுரை ஒரு தொழிலாளியின் கூச்சமாகிறது. கூச்சம் அவருடைய காலாகிறது.

கடந்த மே முதல் நாள் அவரை மீண்டும் பீடத்தின் முன் அழைத்தோம். செயற்கைக் காலோடும் ஊன்றுகோலோடும் வந்து நின்றார். பொன்னாடை இல்லை. முன்பு இதே இடத்தில் நின்று நாம் சொன்னது தவறு என்றும், அத்தவற்றுக்கு அவர் விலைகொடுத்தார் என்றும், அதற்காக அவரிடமும் இறைமக்களிடமும் மன்னிப்புக் கேட்கிறோம் என்றும் சொன்னோம். இம்முறை யாரும் கைதட்டவில்லை.

திருப்பலி முடிந்து சக்கரிஸ்து அறையில் திருவுடையைக் களைந்துகொண்டிருந்தபோது அவர் வாசலில் வந்து நின்றார். ஏதோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தோம். இரண்டு நாளாக நம் குரல் கம்மியிருந்ததை அவர் கவனித்திருக்கிறார். "சாமி, சாயங்காலத் திருப்பலிக்குப் பக்கத்துப் பங்குச் சாமியைக் கூப்பிட்டுக்குங்க. நீங்க போய்ப் படுங்க" என்றார்.

படுத்தோம்.